மஞ்சள் சீட்டு கட்டிய இறுதி ஆட்டம்

இன்று மதியச் சாப்பாட்டின்போது சாம்பாரை மீறி கூலன்ட் வாசனை அடித்தது. இரும்பை வெட்டும்போது சூடு ஏறாமல் இருக்கப் பால் மாதிரி ஊற்றுவோமே, அந்த எண்ணெய்த் தண்ணீர். கேன்டீன்காரரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று நிமிர்ந்தால் எதிரே ஸ்டெல்லா நிற்கிறாள். கையில் உன் பெட்டி. உன் லாக்கரிலேயே கிடந்ததால் உன் சட்டை வாசனை அதற்கும் ஏறிவிட்டது.

நீ போய் இரண்டு மாதம். இந்தப் பெட்டி என்னிடம் வரும் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். துக்கம் கேட்க உன் வீட்டுக்கு வந்தபோதுகூட, கண்ணைத் துடைத்துக்கொண்டே அலமாரி மேல் ஒரு பார்வை பார்த்தேன். வெட்கக்கேடுதான். இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? உன் மனைவி அதை நேராக ஸ்டெல்லாவிடம் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்டதும் என் வயிறு எரிந்த எரிச்சலில் இரவு ஷிஃப்டுக்கும் சேர்த்துச் சமைத்திருக்கலாம்.

பெட்டி விஷயத்தில் எனக்கு முதல் நாளிலிருந்தே எரிச்சல்தான். புது மெஷினை நிறுவ அமெரிக்காவிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தாரே. மூன்று மாதம் அவருக்கு மொழிபெயர்த்தவன் நான். இளநீர்க் கடையில் பேரம் பேசியவன் நான். அவருக்கு வயிறு கெட்டபோது தண்டலம் வரை போய் மாத்திரை வாங்கி வந்தவனும் நான்தான். நீ அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினாய். ஊருக்குக் கிளம்பிய அன்று அவர் எனக்குக் கொடுத்தது ஒரு சாவிக்கொத்து. உனக்கு இந்தப் பெட்டி.

உள்ளே கட்டுக் கட்டாக அட்டைகள், மூன்று பகடைகள், ஒரு விதிப் புத்தகம். அமெரிக்காவில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்குத்தான் ஃபுட்பால் என்று பெயர். நாம் கால்சட்டை போட ஆரம்பிப்பதற்கு முன்பே நடந்து முடிந்த ஒரு வருஷத்துப் போட்டிப் பருவம். அதில் ஆடிய ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டை. பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அட்டையில் பார்த்தால் அவன் எவ்வளவு தூரம் ஓடினான், பந்தை நழுவவிட்டானா என்று தெரிந்துவிடும். இப்படியே அந்த வருஷத்துப் போட்டிகளை முதலிலிருந்து மறுபடி ஆடலாம். நிஜத்தில் தோற்றவன் இங்கே ஜெயிக்கலாம்.

"முடிஞ்சு போனத இன்னொரு தபா ஆட வுடறான் பாரு மாமே. வேற யாரு வுடுவா?" என்றாய்.

அந்த அணிகளின் ஊர்ப் பெயர்கள் உன் வாயில் நுழையவில்லை. அதனால் நம் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடங்களின் பெயர்களைச் சூட்டினோம். நீ குடியிருந்த மறைமலை நகர் உன் அணி. நான் குடியிருக்கும் தண்டலம் என்னுடையது. நிஜத்தில் அந்த வருஷம் என் அணி கடைசியில் வந்ததாம். அட்டையின் நிறம் பிடித்து எடுத்தவனுக்கு அது எப்படித் தெரியும்? பத்து நிமிஷத்தில் சாப்பாட்டை விழுங்கிவிட்டு, மிச்ச இருபது நிமிஷத்தில் பாதி ஆட்டம். மறுநாள் மறுபாதி. டிபன் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் பகடை உருளும். நோட்டில் நீ எழுதுவாய்.

விதிகளை இங்கிலீஷில் படித்துச் சொல்வது என் பொறுப்பு. மூன்று மாதம் மொழிபெயர்த்த மிதப்பு வேறு. பந்தைப் பத்து கெஜம் நகர்த்த ஓர் அணிக்கு எத்தனை வாய்ப்பு என்று நீ கேட்டபோது நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "ஆறுதான்" என்றேன். ஓவருக்கு ஆறு பந்து என்று ஊறிப்போன மண்டை. உலகத்தில் எந்த ஆட்டத்துக்கும் கடவுள் ஆறுதான் கொடுத்திருப்பார் என்று நம்பியது. நீயும் நம்பினாய்.

நாற்பது ஆட்டங்கள் முடிந்தன. ஸ்கோர்கள் ஏறிய ஏற்றத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டோமே ஒழியச் சந்தேகப்படவில்லை. தண்டலம் தொடர்ந்து எட்டு வெற்றி. நான் கேன்டீனில் நடந்த நடையைப் பார்த்து எனக்கு ப்ரமோஷன் என்று சிலர் கை கொடுத்தார்கள்.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்தாள். வடக்குப்பட்டிலிருந்து வருபவள், நம் மாதிரியே செய்த பாகங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர், நம்மைவிட ஏழெட்டு வயது சின்னவள். பக்கத்து மேசையில் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே, போகிற போக்கில் அந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"இன்னாணா இது? நாலு சான்ஸுதான்னு போட்டுகீது. நீங்க ஆறு ஆடிகினு கீறீங்க?"

"அது பழைய ரூல்மா" என்றேன் கெத்தாக.

"நீங்க ஆடுறதும் பழைய வருசம்தாணா."

நீ சிரிக்கவில்லை. எழுந்து போனாய். திரும்பி வந்தபோது உன் கையில் ஒரு கொத்து சிவப்புச் சீட்டு. சிவப்பு கட்டினால் கழிவு, பச்சை கட்டினால் அனுப்பு, மஞ்சள் கட்டினால் முடிவு தெரியும்வரை நிறுத்தி வை. பத்தொன்பது வருஷம் நாம் இந்த மூன்று நிறத்தில்தான் சோறு தின்றோம்.

"நாப்பதும் ரிஜெக்ட்" என்றாய்.

"டேய், வரிசையா எட்டு ஜெயிச்சிருக்கேன்டா!"

"அளக்குற கேஜே தப்பு மாமே. தப்பு கேஜ்ல பாஸான பீஸ வண்டில ஏத்துவியா நீ?"

"அப்போ நீயும் அந்தம்மாவுமே ஆடிக்கோங்க" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போய், உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் நீயே வந்து கூப்பிடுவாய், நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு வருவேன். இதுதான் என் திட்டம். மூன்றாம் நாள் முதுகுக்குப் பின்னால் பகடைச் சத்தம் கேட்டது. திரும்பினால் என் நாற்காலியில் ஸ்டெல்லா. என் நாற்காலி போனால் போகட்டும். என் அணியையும் எடுத்துக்கொண்டாள். அதோடு விட்டாளா? தண்டலத்தை அடித்துவிட்டு வடக்குப்பட்டு என்று எழுதிவிட்டாள்.

அதற்கப்புறம் நீ செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பிளாஸ்டிக் மூடியை விட்டுவிட்டு எவர்சில்வர் டம்ளரில் பகடையைக் குலுக்க ஆரம்பித்தாய். கடகடவென்று கேன்டீன் முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு ஸ்கோரையும் ஏலம் போடுகிற மாதிரி கத்துவாய். "வடக்குப்பட்டு இருவத்தொண்ணு! தண்டலம்னு பேரு இருந்தா இந்த அடி அடிச்சிருக்குமா?" நாலே வாய்ப்பை வைத்துக்கொண்டு, ஆறு இருந்தபோது நான் ஜெயித்ததைவிட அதிகமாக அவள் ஜெயித்தாள். என்னை வெறுப்பேற்றத்தான் நீ கத்துகிறாய் என்று எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கேட்காத மாதிரி ஓர் ஆட்டம் விடாமல் கேட்டேன். வீட்டில் மோர்க்குழம்பு ஊற்றிக்கொண்டே மனைவி, "வடக்குப்பட்டு வடக்குப்பட்டுன்னு முனகுறீங்களே, அங்க யாரு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் எனக்குச் சோறு கிடைத்திருக்காது.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் உன்னிடம் சொல்லாதது.

ஒருநாள் காலை கம்பெனி பஸ்ஸில் தனசேகர் என்னைச் சீண்டினான். அவனிடம் சொன்னால் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டியதில்லை. "இன்னா ரேடியோ, உன் ஃப்ரெண்டு உன்ன கழட்டி வுட்டுட்டாராமே?"

வாய் ஓயாததால் பஸ்ஸில் எனக்கு வைத்த பெயர் ரேடியோ. எனக்குச் சுருக்கென்றது. "அவங்க ரெண்டு பேருக்கு நடுவுல மூணாவது ஆளு எதுக்குப்பா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தேன். சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் வேலை செய்தது. பஸ் ஒரகடத்தில் நம் கம்பெனி வாசலுக்கு வந்து சேர்வதற்குள் என் ஒற்றை வரிக்குக் கை கால் முளைத்துவிட்டது. ஸ்டெல்லாவின் கொழுந்தன் நம் ஸ்டோர்ஸில்தான் வேலை செய்கிறான். சாயங்காலமே அது வடக்குப்பட்டு போய்ச் சேர்ந்தது.

மறுநாளிலிருந்து அவள் பெண்களின் மேசைக்குப் போய்விட்டாள். பருவத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆட்டம். இறுதி ஆட்டம். மறைமலை நகரும் வடக்குப்பட்டும். நீ டம்ளரை எதிரே வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாய். பிறகு பெட்டியை மூடி, ஒரு மஞ்சள் சீட்டை எழுதிக் கட்டினாய். நான் பார்த்தேன். மோர் குடித்தேன்.

அதன்பின் நாம் பேசாமல் இல்லை. "அந்த லாட் பாத்தியா?" "பாத்தேன்." இதற்குப் பேச்சு என்று பெயர் என்றால் பேசினோம். பிறகு ஒரு வாராந்திர விடுமுறைக் காலை, சலூன் நாற்காலியில் இருந்தபோது எனக்கு ஃபோன் வந்தது. பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்றார்கள். பாதி மழித்த முகத்தோடு மறைமலை நகர் வந்தேன். உன் தெருக்காரர்கள் என்னைப் பார்த்து, "பாவம், எவ்ளோ சிநேகிதம்" என்றார்கள். அந்த நிமிஷம் நான் தரையோடு தரையாகப் போனேன்.

இன்று ஸ்டெல்லா பெட்டியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அக்கா குடுத்தாங்க. மேல கட்டிகீற சீட்ட படிங்கணா."

உன் கையெழுத்து. பொருள்: இறுதி ஆட்டம். காரணம்: ஆள் வரவில்லை. தவறு யாரால்: அங்கே ஒன்றும் இல்லை.

காலிக் கட்டம். நீயா? ஒரு கட்டம் காலியாக இருந்தால் மேனேஜரிடமே சீட்டைத் திருப்பிக் கொடுத்தவன் நீ. அந்த இடத்தில் சொந்த மச்சான் பெயரை எழுதி, ஒரு பொங்கலுக்கு மாமியார் வீட்டில் சோறில்லாமல் திரும்பி வந்தவன் நீ.

ஸ்டெல்லா எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். நான் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் உன்னோடு போயிருக்கும். அப்படி இருந்துவிடலாமா என்று நினைக்கவும் செய்தேன்.

"ஸ்டெல்லா, அன்னிக்கு பஸ்ல..."

"தெரியும்ணா."

"எப்பத்துலருந்து?"

"அன்னிக்கே. எந்த ரேடியோன்னு கண்டுபிடிக்க எவ்ளோ நேரம் ஆவும்?" அவள் சிரிக்கவில்லை. "ஒரு மாசம் எங்க வூட்ல யாரும் எனக்கு முகம் குடுக்கல. எங்க மாமியா என் டிபன் டப்பாவ தொறந்து பாத்து அனுப்பிச்சாங்க. அத நான் மறக்கலணா. அண்ணங்கிட்ட போயி, அந்தக் கட்டத்துல உங்க ஃப்ரெண்டு பேர எழுதுங்கன்னு சண்டையே போட்டேன். பேனாவ எடுத்தாரு. அப்புறம் மூடி வெச்சிட்டாரு."

"இன்னா சொன்னான்?"

"அவனே வந்து எழுதுவான்மான்னாரு."

பேனாவை எடுத்தேன். இனிஷியலோடு என் முழுப் பெயரை எழுதினேன். கட்டம் சின்னது, என் பெயர் நீளம், வெளியே வழிந்துவிட்டது.

அவள் அதை வாங்கிப் படித்துப் பார்த்தாள். "மன்னிச்சிட்டேன்னுலாம் சொல்ல மாட்டேன். இருவது நிமிசம் கீது. ஆடலாம்."

நான் மறைமலை நகர் அட்டைகளை எடுத்தேன். அவளும் அதே கட்டில் கை வைத்தாள்.

"அண்ணன் டீம நான் ஆடறேன். உங்க தண்டலத்த திருப்பி எடுத்துக்கோங்க."

"என் டீமத்தான் எடுத்துக்கிட்ட. இப்போ அவன் டீமும் வேணுமா?"

"பங்காளி சண்டை கணக்கா கீதேணா!"

இழுத்த இழுப்பில் நான்தான் ஜெயித்தேன். இன்று நான் ஜெயித்தது அது ஒன்றுதான். அவள் பெட்டிக்குள்ளிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து வைத்தாள். பார்த்ததும் பழைய எரிச்சல் திரும்பி வந்தது.

"என்ன வெறுப்பேத்தணும்னே இத எடுத்தான், தெரியுமா?"

ஸ்டெல்லா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வெறுப்பேத்தவா? பிளாஸ்டிக் மூடில உருட்னா பக்கத்து டேபிளுக்கு கேக்கலன்னு மாத்தினாருணா. கத்தி கத்தி ஸ்கோர் சொன்னதும் அதுக்குத்தான். என் காதே போச்சு. 'முதுவ பாரு, ஒண்ணு வுடாம கேட்டுகினு கீறான்'ன்னு சொல்லி சிரிப்பாரு."

இதைக் கேட்டதும் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீயே இந்தக் கடிதத்துக்குச் சிவப்பு கட்டுவாய். போகவில்லை. இதை அவளிடம் சொன்னவன் என்னிடம் சொல்லவில்லையே என்று இப்போது புதிதாக எரிகிறது. உன் அமெரிக்கக்காரரின் சாவிக்கொத்தை இன்னமும் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவனிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறாய்?

பாதி ஆட்டம் முடிந்தது. மஞ்சள் சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் வேலை முடித்து வந்த பிறகும் அதை எடுத்துப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சைரன் அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தபோது ஸ்டெல்லா நோட்டை என் பக்கம் தள்ளினாள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்த மேசை இன்று காலி. கேட்காத மாதிரி கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியும், நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்றும் தெரியும். எழுந்து போய் அந்த நாற்காலியை எங்களுக்கு முதுகு காட்டும்படி உனக்காகத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன். டம்ளரை மேசையில் ஓங்கித் தட்டினேன்.

"மறைமலை நகர் பதினாலு! வடக்குப்பட்டு பத்து!"

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. "இன்னும் சத்தமாணா" என்றாள் ஸ்டெல்லா. மறுபடி கத்தினேன்.