நொட்டாங்கைக்கு வந்த நற்பெயர்

என் கோபக்கார, அருமை அம்மாவுக்கு,

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பக்கத்தில் இல்லாததால்தான் இவ்வளவு தைரியம். நான் இப்போது இடக்கையால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தையும்.

காரணம் இருக்கிறது, கோபிக்காதீர்கள். நீங்கள் போன அடுத்த வருடம், வெள்ளவத்தையில் நான் சலவை வேலை செய்யும் லோன்றியில், படுக்கை விரிப்புகளை அழுத்தும் ரோலருக்குள் என் வலக்கை போய்விட்டது. கையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. முதலாளி, "கவுண்டரில உடுப்புக்கு ரசீதுத் துண்டு எழுதுற வேலை இருக்கு பிள்ளை. எழுதப் பழகிக்கொண்டு வாங்கோ" என்றார்.

அப்படித்தான் கொட்டாஞ்சேனையில், வேலையில் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையத்துக்குப் போனேன். எங்களுக்குப் பொறுப்பு ஷிராணி மிஸ். சிங்களப் பிள்ளை, தமிழை ஆசையோடு உடைத்துப் பேசுவார். முதல் நாள் என் இடக்கையில் பென்சிலைத் தந்து, "மெதுவா, மெதுவா. இந்தக் கை சின்ன பேபி மாதிரி. ஒரு கோடு போட்டா போதும்" என்றார்.

பேபி முதல் கிழமையே என் முழுப் பெயரையும் எழுதியது. இரண்டாம் கிழமை மூன்று மொழிகளிலும் லோன்றித் துண்டு எழுதியது.

மிஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. நான் எழுதிப் பழகிய கொப்பியைப் பெரிய டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். ரிப்போர்ட்டில் 'அற்புதம்' என்றே எழுதினார். நான் பிறவி நொட்டாங்கைக்காரி என்பதை அவரிடம் சொன்னேனா? இல்லை. அம்மா, என் வாழ்நாளில் அந்தக் கையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நாள் அனுபவிக்க விட்டேன்.

என்னோடு படித்தவர்களில் பளீல் நானா என்று ஒருவர். கொச்சிக்கடையில் மூட்டை தூக்கியவர். அடுக்கு சரிந்து வலத்தோள் போய்விட்டது. எழுதப் பழகினால் கிடங்கு வாசலில் லொறி நம்பர் பதிகிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதமாகியும் அவருடைய எட்டு, உடைந்த முட்டை போலத்தான் வந்தது.

ஒருநாள் மிஸ் வழக்கம்போல என் கொப்பியைத் தூக்கிக் காட்டினார். நானா எழும்பினார். "நாளைக்கிருந்து நான் வாரல்ல மிஸ். இந்தத் தங்கச்சி ரெண்டு கிழமைல எழுதுது. எனக்கித்தான் மூளை இல்ல போல." சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால் என் ரிப்போர்ட் போய்விடும், அதோடு கவுண்டர் வேலையும் போய்விடும் என்று பயம். என்றாலும் அவர் கதவருகே போய்விட்டாரே.

"மிஸ், நான் பிறந்ததிலயிருந்தே நொட்டாங்கை. அம்மாதான் அடிச்சு மாத்தினவ."

மிஸ் தலையில் கை வைத்தார். "ஐயோ சாந்தி! நான் டொக்டர்கிட்ட அற்புதம் சொல்லிட்டேனே!"

நானா திரும்பி வந்தார். "ஒங்கட உம்மாக்கு ஒங்கள மாத்த எவ்வளவு காலம் போச்சு?"

"ரெண்டு வருஷம், நானா. ஒரு நாளும் விடாம."

"சின்னப் புள்ளைக்கே ரெண்டு வருஷமா?" அவர் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப எனக்கி இன்னும் டைம் இரிக்கி." பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. மேசை குலுங்கச் சிரித்தார்.

அதன்பின் மிஸ் உங்களைப் பற்றித் துருவித் துருவி விசாரித்தார். நீங்கள் அடித்தது அகப்பைக்காம்பால் என்பதை மறைத்துவிட்டேன். வலக்கையால் தினமும் புட்டுமா குழைக்கவைத்ததை மட்டும் சொன்னேன். மறுநாள் நானாவுக்கு முன்னால் ஒரு சட்டி மா! "நான் எழுத வந்தனா, ரொட்டி சுட வந்தனா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இடக்கையால் பிசைந்தார்.

மிஸ் திருத்தித் தந்த ரிப்போர்ட்டை முதலாளி திறந்துகூடப் பார்க்கவில்லை. "எழுத்து விளங்குது. திங்கக்கிழமை வாங்கோ" என்றார். நானாவுக்கு இன்னும் ஏழு மாதம் எடுத்தது. இப்போது அவரும் கிடங்கு வாசலில் லொறி நம்பர் பதிந்துகொண்டு நிற்கிறார்.

போன கிழமை இரண்டு சாரம் வெளுக்கக் கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். துண்டைத் தானே எழுதுவேன் என்று பேனையைப் பறித்துக்கொண்டார். பின்னால் வரிசை நீண்டது. ஒரு அன்ரி, "என்ன பிள்ளை இது, பஸ் போகப்போகுது" என்றார். "அடுத்த பஸ் வரும், அன்ரி" என்றேன். நானா 'ளீ'க்குச் சுழி போட்டு முடிக்கும்வரை ஒருவரையும் முன்னே வர விடவில்லை.

நீங்கள் அன்று அடித்தது சரியா, அம்மா? எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த இரண்டு வருடம் இல்லாவிட்டால் நானாவிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் நொந்ததும் உண்மைதானே?

அடுத்த மாதம் உங்கள் திவசம். கத்தரிக்காய்க் குழம்பு உறைப்பாக வைப்பேன், அப்பளம் கருக விடமாட்டேன், இது சத்தியம். ஆனால் இலையில் இடக்கையால்தான் பரிமாறுவேன். முகத்தைத் திருப்பாமல் சாப்பிடுங்கோ.

உங்களிடம் அதிகம் அடி வாங்கிய சின்ன மகள்,
சாந்தி