கன்வர்ட் ஆன லாரிகள்

புதன், 6-ந் தேதி
காலையிலிருந்தே புழுக்கம். திருவொற்றியூர் லாரி முதலாளி, இனிக் கரி வேண்டாம் என்று இங்கிலீஷில் கடிதம் அனுப்பிவிட்டார். என் கிடங்கில் இருநூறு மூட்டை. எல்லாம் அவருடைய கரி காஸ் லாரிகளுக்கென்றே வாங்கிப்போட்டது; யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய லாரிகள்.

எதிர்வீட்டு அந்தோணி படித்துச் சொன்னார். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் உத்தியோகம். "லாரிங்கள பெட்ரோலுக்குக் கன்வர்ட் பண்ணிட்டாங்களாம்."

மாற்றுவதற்கு சேஞ்ச் என்றல்லவா சொல்வார்கள்? கேட்டேன்.

"ஒரு சட்டய கழட்டி வேற சட்ட போட்டா சேஞ்ச். இது அதே லாரி நைனா, உள்ள வேறயா ஆயிடுச்சி. அதான் கன்வர்ட்."

சரி. ஆனால் கன்வர்ட் ஆனது திரும்பி வருமா? பெட்ரோலுக்கு இன்னும் ரேஷன் கூப்பன்தானே. ஷெட்டில் போய்க் கேட்கச் சொன்னார் அந்தோணி.

வியாழன், 7
தூறல். பல்வலி, கிராம்பு வைத்தேன். முதலாளியின் லாரி ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் காதர் வண்டிக்கடியில்.

"இஞ்சினையே மாத்திட்டியா?"

"அதே இஞ்சின்தான் மாமு. பின்னால தொங்கிகினு இருந்த காஸ் டப்பாவ கழட்டிட்டேன். அரை நாள் வேல."

"திரும்ப மாட்டலாமா?"

"டப்பா இருந்தா மாட்டலாம். மொதலாளி அத்த பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு. டிரைவருங்களுக்குக் குஷி. கரி மூஞ்சோட வூட்டுக்குப் போனா பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியலியாம்."

சிரித்தேன். ஆக, பழையதை வைத்திருந்தால் கன்வர்ட் ஆனது திரும்பும். இவர் வைக்கவில்லை. இனி இங்கே காத்திருப்பது வீண்.

வெள்ளி, 8
வெயில். பல் தேவலை. அந்தோணியிடம் மறுபடி அதே சொல். மதம் மாறினாலும் கன்வர்ட்டாம். கப்பல்காரர்கள் பவுன் நோட்டை ரூபாயாக்குவதும் கன்வர்ட்டாம். உருவம் வேறு, மதிப்பு போகாது. இது பிடித்தது.

என் கரி? லாரிக்கென்று பொறுக்கிய பெரிய கட்டி, நன்றாகக் காய்ந்தது. சிறிதாக உடைத்தால் இஸ்திரிப் பெட்டிக்கு ஆகாதா?

சனி, 9
வண்ணாரப்பேட்டை. சலவைக்கார மங்கம்மா, எட்டு மேசை வைத்து இஸ்திரி போடுகிறவள். கட்டியைப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, என் பெட்டியே இதுக்குள்ள பூடும் போல கீது."

உடைத்துக் கொடுத்தேன். பற்றவைத்து, ஒரு வெள்ளைச் சட்டை தேய்த்தாள். பொறி பறக்கவில்லை.

"துணி தப்பிச்சிது. தெனம் எவன் ஒடைப்பான்?"

"நான்."

"தூளு?"

"சலிச்சித் தர்றேன்."

அரைமணி பேரம். மூட்டை இரண்டே முக்கால் ரூபாய். வாரம் இருபது மூட்டை, பத்து வாரம்; இருநூறும் தீரும். உடைத்து, சலித்து, அவள் வாசலில் இறக்குவது என் செலவு. காலிச் சாக்கு எனக்கு.