ஷட்டர் மூடியிருந்த மூன்று நாள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நீ முழிப்பது தெரிகிறது. இந்த வாரம் மட்டும் போனில் மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயாடி என்று பெயர் வாங்கியவனுக்கு, விஷயம் என்று வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அண்ணிக்குத் தோள் வலி விடவில்லை. தண்ணீர் லாரி வாரம் ஒரு முறைதான் வருகிறது. நான்கு கேனையும் மூன்றாம் மாடிக்கு அவள்தான் தூக்குகிறாள். நீ தூக்கக் கூடாதா என்பாய். லாரி வரும் நேரம் நான் தடுப்பணை ஷட்டர் அறையில் டியூட்டியில் இருப்பேன். "ஆத்துத் தண்ணிக்குக் காவல் இருக்கிறவர் வீட்ல குடிக்கத் தண்ணி இல்ல, வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்று நேற்றுகூடச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்காகத்தான் புது வாய்க்கால் வெட்டி முடித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் இருபதாம் தேதி என் ஷட்டரை ஒரேயடியாக இறக்கி, ஆற்றை அப்படியே நகரத்துக்குத் திருப்புகிறார்கள். கீழே ஒரு சொட்டு போகாது. அனுமதிக் கோப்பில், போன வருடம் இங்கே மீன் கணக்கெடுத்த உன் குழுவின் அறிக்கைதான் முதலில் இருக்கிறது. சிவப்புவால் மீன் இந்தப் பகுதியில் இல்லை என்று போட்டு, அடியில் உன் கையெழுத்து.

இருக்கிறது தங்கச்சி. போன வாரம் ஷட்டர் திறந்த இரண்டாம் நாள், ஷட்டர் படிக்கட்டுக்குக் கீழே கூழாங்கல் மேட்டில் நானே பார்த்தேன். முப்பதுக்கு மேல் எண்ணினேன். வாலால் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தன. முட்டையிட இடம் பார்க்கும்போது அப்படிச் செய்யும் என்று நீதானே சொன்னாய். சந்தோஷம் வரவில்லை.

ஏனென்றால், போன வருடம் நீங்கள் கணக்கெடுக்க வந்த மூன்று நாளும் ஷட்டரை மூடி வைத்தது நான். முந்தின நாள் மாலையே இறக்கிவிட்டேன். மீன் படித்து மெடல் வாங்கியவளுக்கு நீச்சல் தெரியாது என்று எல்லோரிடமும் உன்னைக் கேலி செய்தவன்தான். ஆனால் இடுப்பளவு ஓட்டத்தில் நீ வலையோடு இறங்குவாய் என்று நினைத்ததும் நேரே போய்ச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். மீன் எங்கே போய்விடும், தேங்கின தண்ணீரில் இன்னும் சுலபமாகச் சிக்கும் என்றுதான் நினைத்தேன். ஓட்டம் இருந்தால்தான் அது மேலேறி வரும் என்று இந்த மடையனுக்கு எங்கே தெரியும்?

காலையில் நீ வந்து, "என்னண்ணா, தண்ணி இவ்வளவுதானா?" என்று கேட்டாய். "இந்த மாசம் இப்படித்தான்" என்றேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் இன்னும் நாலு பேரிடம் விசாரித்திருப்பாய். சொன்னது நான் என்பதால் நம்பினாய்.

உத்தரவில்லாமல் மூடினால் வேலை போய்விடும். அதனால் பதிவேட்டில் 'திறந்திருந்தது' என்று எழுதினேன். நேற்று இன்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். பதிவேட்டை என் பக்கம் திருப்பி, "இது உங்க கையெழுத்துதானே? இதை வச்சிக்கிட்டு நான் என்னங்க பண்ண முடியும்?" என்றார். அறிக்கை கொடுத்தவர்களே அது தவறு என்று எழுதினால்தான் வாய்க்கால் திறப்பு நிற்குமாம்.

அதாவது, நீ. நீ எழுதினால் உன் பெயர் கெடும். அங்கே இப்போதுதான் உன் வேலை நிரந்தரமாகியிருக்கிறது. வாய்க்கால் நின்றால் உன் அண்ணி இன்னும் எத்தனை வருடம் கேன் தூக்குவாளோ தெரியாது. நீ எழுதாவிட்டால், இருபதாம் தேதி சக்கரத்தைச் சுற்றி மூடப்போவது இந்தக் கைதான். நான் மாட்டேன் என்றால் இன்னொருவன் சுற்றுவான். இந்த ஆற்றை விட்டால் இந்த மீன் வேறெங்கும் இல்லை என்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. எழுது என்று சொல்ல எனக்கு வாயில்லை. எழுதாதே என்று சொல்ல மனசு வரவில்லை. வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது உனக்குப் பத்து நாள் மிச்சமிருக்கும்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று செய். அங்கே நீச்சல் வகுப்பு இருந்தால் உடனே சேர்ந்துவிடு. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து இனி யாரும் ஒரு ஆற்றை மூடக் கூடாது.

என்றும் உன்
அண்ணன்