செரிங்க என்று ஆடிய தலை

அப்பா,

நீங்கள் போன பிறகு, கிணத்துக்கடவு வீட்டைப் பூட்டுவதற்கு முன் உங்கள் பட்டறைப் பெட்டியைத் திறந்தேன். கிரீஸ் வாடை மூக்கில் ஏறியது. மேலேயே கிடந்தது அந்த நீளமான ஸ்குரூ டிரைவர். ஓடும் மோட்டாரில் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்திக் கேட்டு, "பேரிங் போயிருச்சுங்க" என்று ரிப்பேருக்கு வரும் தோப்புக்காரர்களிடம் சொல்வீர்கள். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எதையும் லேசில் நம்பமாட்டீர்கள். பாலை விரலில் தொட்டுப் பார்ப்பீர்கள், கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பீர்கள். அந்தச் சந்தேகப் புத்தி எனக்கும் அப்படியே வந்திருக்கிறது. மகள் மித்ராவைக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை என்று எனக்குத் தோன்றியபோது யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. விளையாட்டு மும்முரம் என்றார் என் கணவர். ஆர்.எஸ்.புரத்துக் காது டாக்டரோ, இரண்டு காதுக்கும் மெஷின் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பேச்சு வருவது கஷ்டம் என்றார். நீங்கள் எகிறினீர்கள்.

"மெஷின் விக்கறதுக்குச் சொல்றானுங்க அம்மணி. நான் காட்டறேன் பாரு."

அதே ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் குழந்தையின் காதோரம் வைத்து மோட்டாரைப் போட்டீர்கள். அவள் கலகலவென்று சிரித்தாள். "கேக்குது பாத்தியா!" என்றீர்கள். வீடே கொண்டாடியது. மெஷின் பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அதிர்வில் கூச்சம் எடுத்தாலும் குழந்தை சிரிக்குமே? எதையும் நம்பாத மனிதர் இதை மட்டும் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறார்? குழந்தையை விட்டுவிட்டு உங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். தோப்புக்காரர்கள் எது சொன்னாலும் "செரிங்க, ஆகட்டுங்க" என்று தலையாட்டுவீர்கள். ஊரே அதை மரியாதை என்று மெச்சியது. உங்கள் கண் அவர்கள் வாயை விட்டு நகரவே இல்லை என்பதை நான் பார்த்தேன்.

ஒரு சாயங்காலம் நீங்களும் அவளும் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். பின்னால் நின்று தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது. நீங்கள் இருவரும் திரும்பவில்லை.

முன்னால் வந்து நின்றேன். என் கையிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்ததும் உங்கள் முகம் விழுந்துவிட்டது.

"அப்புறம் பேரிங் எப்படிங்கப்பா தெரியுது?"

"அது எலும்புல தெரியும் சாமி." மித்ராவை மடியில் இழுத்துக்கொண்டு, "என்ற காதுதான் புள்ளைக்கு வந்துருச்சோ? மாப்பிள்ளை ஊட்ல என்ன சொல்லுவாங்க?" என்றீர்கள்.

டாக்டர் மேல் பட்ட கோபமெல்லாம் இந்தப் பயம்தானா? எனக்கு அழுகை வந்துவிட்டது.

சீக்கிரமே மித்ராவுக்கு மெஷின் வைத்தோம். உங்களையும் வம்பாக இழுத்துப்போய்ச் சோதித்தோம். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொன்னதை உங்களிடம் சொல்வதற்குள் நெஞ்சுவலியில் படுத்துவிட்டீர்கள். அதையும் எத்தனை நாள் மறைத்து வைத்திருந்தீர்களோ.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் குனிந்து உங்கள் காதோடு சொன்னேன். "உங்க காது பட்டறைச் சத்தத்துல போனதுங்கப்பா. அது புள்ளைக்கு வராதாம்." நீங்கள் தலையாட்டினீர்கள். "செரி சாமி."

இப்போது மித்ரா ஓயாமல் பேசுகிறாள். நான் இன்னும் அவளுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். "கேக்குதுங்கம்மா! சும்மா சும்மா கூப்பிடாதீங்க" என்று சலித்துக்கொள்கிறாள்.

அவள் திரும்புவதை நம்பப் பழகிவிட்டேன். உங்கள் தலையாட்டலைத்தான் நம்ப முடியவில்லை. காதோடு சொன்னேனே, என் வாய் உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காதே. அதனால்தான் இதை எழுத்தில் வைக்கிறேன்.

உங்களால் வந்ததில்லை, அப்பா.