ஒற்றைக் கோட்டுக்கு அடியில்

உன் ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடைதான் முதலில் வந்தது. இன்று உன் திதி. தென்காசி வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும் உன் அம்மா பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவிலிருந்து இதை எடுத்து என் மடியில் வைத்தாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

ஒன்பது வருஷம் சென்னையில் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருள் நோய்க் கிருமியை விட்டுவிட்டு நம் உடம்பையே ஏன் தாக்குகிறது என்பதுதான் நம் ஆராய்ச்சி. நோயாளி ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்கு ஆள் தேடி அலைய யாருக்குப் பொறுமை? நீதான் சட்டையை மடக்கிக் கையை நீட்டுவாய். அதனாலேயே ஆய்வகத்தில் உனக்கு 'நார்மல்' என்று பேர். "ஏட்டி நார்மல், இங்கன வா" என்று நான் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே வருவாய்.

ஒரு ஆடியில் லீவு போட்டுக் குற்றாலம் போனோமே, ஞாபகமிருக்கிறதா? அருவியிலிருந்து வெளியே வந்த உன் விரல் நுனிகள் முதலில் வெளுத்தன, பிறகு நாவல்பழம் பிசைந்த மாதிரி நீலமாகின. உனக்குக் குளிரே ஆகாது என்று கேலி செய்து, சூடாக ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்தேன். அந்த நிறம் நாம் ஆராயும் நோய்க்கே அறிகுறி என்று பாடமே எடுத்தவள் நான். எனக்கு உறைக்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய வாரத்தில்தான் அது நடந்தது. சோதனைத் தட்டில் உன் ரத்தம் விட்ட குழி நிறமில்லாமல் இருந்திருக்க வேண்டும். நோயாளி ரத்தம் போல மஞ்சளாகிவிட்டது. மறுபடி செய்தோம், மறுபடியும் மஞ்சள். நீதான் நோயாளி ரத்தத்தை எங்கேயோ சிந்திவிட்டாய் என்று உன்மேல் எரிந்து விழுந்தேன். கட்டுரை அனுப்பும் அவசரம் எனக்கு. நீ மேசையைத் துடைத்தாய். உன் குறிப்பேட்டில் உன் ரத்தத்துக்கு வந்த எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு என் ரத்தத்தை வைத்தேன். கணக்கு அழகாக வந்தது, கட்டுரையும் வந்தது.

மறு வருஷம் உன் கால் வீங்கி, சிறுநீரகம் கெட்டபோது டாக்டர் எழுதிக்கொடுத்த சோதனை நம்முடைய அதே சோதனை. முடிவைப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் காடிப்பானையில் துள்ளி" என்று சிரித்தாய். அப்புறம் மெதுவாக, "தட்டு அன்னைக்கே சொல்லிச்சு ஏட்டி. நாமதான் நம்பல" என்றாய். நாம் என்றாய். 'நீதான்' என்றல்லவா நீ சொல்லியிருக்க வேண்டும்! அன்றே மருந்து தொடங்கியிருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதை உன் அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திதிக்குத் திதி வந்து, சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

இன்று உன் அம்மா அந்த எண் இருந்த பக்கத்தைப் புரட்டி, இந்தக் கோடு யார் போட்டது, இது என் மகள் கையெழுத்து இல்லையே என்று கேட்டாள். "நான்தான், அத்தை" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அவ எப்பமோ சொல்லிட்டாட்டி. நீயா சொல்லுதியான்னுதான் இத்தன வருஷமும் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளி, "கொண்டுட்டுப் போ. இனி என்னால பாக்க முடியாது" என்றாள். அடுத்த திதிக்கு வா என்று சொல்லவில்லை.

இப்போது ரயிலில் இருக்கிறேன். இன்றும் என் ஆய்வகத்தில் ஒப்பீட்டு ரத்தம் தப்பாகக் காட்டினால், தட்டைத் தொடுமுன் ரத்தம் கொடுத்தவரைத்தான் முதலில் கூப்பிட்டு டாக்டரிடம் அனுப்புகிறேன். உனக்குச் செய்யாததை ஊருக்கெல்லாம் செய்கிறேன்.

குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது நம் தொழிலின் விதி. நானும் விதிப்படிதான் செய்திருக்கிறேன். கோட்டின் ஓரத்தில் 'ரத்த மாதிரி கெட்டுவிட்டது' என்று எழுதி, கீழே என் கையெழுத்து. கோட்டுக்கு அடியில் உன் எண் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.