நீங்கள் மறுத்ததாக நான் சொன்னது

அப்பா,

இன்று காலை சாக்கடை ஓரத்தில் கீழாநெல்லி மறுபடியும் முளைத்திருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அந்தப் பச்சை வாடை போகவே மாட்டேன் என்கிறது.

உங்கள் கண்கள் மஞ்சளானபோது உங்களுக்கு எழுபத்தெட்டு. சிடாம் கிரித் தோட்டத்தில் ரப்பர்ப் பால் லோரி ஓட்டிய மனுஷன், ஊசிக்குக்கூட முகம் சுளிக்காதவர். ஸ்கேன் பார்த்த டாக்டர் என்னிடம் சொன்னார்: "கல் இல்லக்கா. பித்தக் குழாய ஏதோ ஒன்னு அழுத்துது. வாய் வழியா ஸ்கோப் போட்டுப் பார்த்தாதான் தெரியும். அப்பாகிட்டயும் பேசணும்."

"நானே பேசிக்கிறேன் டாக்டர்" என்று தடுத்துவிட்டேன். கேன்சர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். எதிர்வீட்டு அக்கா அப்படித்தானே போனார்? கடைசிவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நம் சனங்களுக்கு அதுதானே வழக்கம்.

காரில் ஏறியதும் கேட்டீர்கள். "என்னம்மா சொன்னாங்க?"

"சாதா காமாலைதான்ப்பா. பத்தியம் இருந்தா போதுமாம்."

"அவ்வளவுதானா? நான் வேற பயந்துட்டேன்லா!"

வயசான உடம்பை எதற்குக் குடைய வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "அப்பா வேணாம்ங்கிறாரு" என்றேன். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். தஞ்சோங் டாவாய் கருவாட்டில் ஒரே ஒரு துண்டு கேட்டீர்கள். அதட்டிவிட்டு உப்பில்லாக் கஞ்சியை நீட்டினேன். பன்னிரண்டாம் நாள் குளிர்காய்ச்சல் உங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

அதன்பிறகுதான் ஸ்கோப். டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். சிறுகுடலின் ஓரத்தில் சட்டைப்பை மாதிரி ஒரு சின்னப் பை. வயதான பலருக்கு இருக்குமாம், தொந்தரவே தராதாம். அபூர்வமாகத்தான் பக்கத்திலுள்ள பித்தக் குழாயை அழுத்தி அடைக்குமாம்.

"கேன்சர் இல்லக்கா. அப்பவே வந்திருந்தா ஒரு டியூப் வெச்சு சரி பண்ணியிருக்கலாம். இப்ப கிருமி ரத்தத்துல கலந்துருச்சு."

கேன்சர் இல்லை என்று கேட்டுக் கதறி அழுத ஒரே பாவி நானாகத்தான் இருப்பேன். கேட்டிருந்தால், "போடச் சொல்லு, பார்த்துடுவோம்" என்றிருப்பீர்கள். உங்கள் உடம்பு அப்பா அது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

கடைசி நாள், மருந்து ஏற்ற வந்த நர்ஸ் மிஸ்ஸியிடம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர்கள்: "எதுன்னாலும் எம்பொண்ணக் கேளுங்க. அது எங்கிட்ட எதையும் மறைக்காது."

திதிக்கு வரும்போதெல்லாம் அண்ணன், "நீ பார்த்துக்கிட்டதாலதான் அப்பா நிம்மதியா போனாரு" என்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டு இலை போடப் போய்விடுகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடமே இப்போதுதான் சொல்கிறேன்.