ஏலக்கரைப் பள்ளியின் சாவி

நலம் பெருகுக. கல்விக்கடல், கலைகளின் கண், எண்ணும் எழுத்தும் ஆண்ட ஏந்தல் எனப் பட்டங்கள் பல சூடிய வெண்கரை வேந்தன் நன்மாறவேள் யாம், ஏலக்கரைக் கோட்டைத் தலைவரும் எம் அரசியின் உடன்பிறந்தாருமாகிய கட்டியரையருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குதிரைகளும் குறைவின்றி வாழ்க. உம் முழங்கால் எம்முடையதைப் போல் ஆகாதிருக்க.

எம் வைத்தியர் கொற்றங்குமரரைக் கல்வி அமைச்சராக்கியது யாம்தான், யாரை நோவது? நாடி பிடித்த கையால் ஊர்தோறும் பள்ளி திறந்தார். குயவர் மகளும் கோட்டைத் தலைவர் மகனும் ஒரே மணலில் எழுத வேண்டும் என்றார். அது பொறாத நீர் ஏலக்கரைப் பள்ளியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அந்தக் கசாயக்காரரை அடுப்படியோடு நிறுத்துங்கள், அத்தான்" என்று தூதன் வாயால் சொல்லியனுப்பினீர். யாமும் நாட்டுப் பள்ளிகளை எல்லாம் மூட முத்திரையைக் கையில் எடுத்தோம். அந்நேரம் பார்த்து முழங்கால் வீங்கித் தொலைத்தது.

நம் நாட்டு வழக்கம் நீர் அறிவீர். மருந்தின் முதல் மிடறு உள்ளே போய்விட்டால், குணமாகும் வரை வைத்தியர் சொல்வதே பத்தியம், அரசனும் மீறலாகாது. கசப்பை யாம் விழுங்கி முடித்த பிறகே அம்மனிதர் வாய் திறந்தார். புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்றார், தலையாட்டினோம். பின் மருந்துண்ணும் முறையை ஓலையில் எழுதி நீட்டி, மன்னரே படித்து உண்ண வேண்டும், பிறர் படித்துச் சொன்னால் பலிக்காது என்றார். ஐயோ, கட்டியரையரே! கல்விக்கடல் ஓலையைத் தலைகீழாகப் பிடித்திருந்தது. அவையோர் அனைவரும் கூரையைப் பார்த்தனர்.

மானம் போயிற்று, வலி போகவில்லையே! அரண்மனைப் பள்ளியில், குயவர் மகள் ஒருத்தியின் பக்கத்தில், வீங்கிய காலை நீட்டி மணலில் அமர்ந்தோம். "இப்படி வளைக்கணும், ராசா" என்று அவள் எம் விரலைப் பிடித்து அதட்டினாள். எழுத்துக் கூட்டி அந்த ஓலையை யாமே படித்து மருந்துண்டோம்; வீக்கம் வடிந்துவிட்டது. இவ்வோலை எம் கையாலேயே எழுதியது; கிறுக்கலைப் பொறுத்தருள்க.

ஆகையால் எம் ஆணை: ஏலக்கரைப் பள்ளி இன்றே திறக்கப்படுக, முதல் மாணாக்கராக நீரே அமர்க. உமக்கும் எழுத்து வராது. ஆசானை ஏமாற்றி மாந்தோப்புக்கு ஓடியவர்கள் நாம் இருவரும்தானே! உம் கோட்டையில் வாசிக்கத் தெரிந்தவர், நீர் வெளியே தள்ளிய ஆசிரியை பூங்கணை அம்மை ஒருவரே. இதை உமக்கு இப்போது படித்துக்கொண்டிருப்பவரும் அவரே.

படகு பொறித்த எம் முத்திரை இதன்கீழ் இட்டோம். பூங்கணை அம்மையே, படிப்பதை இங்கே நிறுத்திக் கையை நீட்டுக. சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.